கோழிக்குஞ்சுகளுக்கென்று சொன்ன சாளை

ஏப்ரல் 28

ஒன்பதாம் வகுப்பு முடிந்துவிட்டது. விடுமுறையில் என்ன படிக்கப்போகிறாய் என்று நூலகர் கேட்டார். கட்டடங்களைப் பற்றி என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெயில் நாடுகளில் வீடு கட்டுவது பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார். இந்த வெள்ளகோவிலில் அதை எனக்கு முன் ஒருவரும் எடுத்துப் போனதில்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதன் அட்டையைப் பார்த்தாள்.

"மவுனி, நம்ம சாளைய குளுகுளுன்னு வெக்கறதுக்கு இதுல ஏதாச்சும் போட்டிருக்குதா?"

நாங்கள் சாளை என்று சொல்வது பின்பக்கத் தோட்டத்தில், தென்னைகளுக்கு அப்பால் இருக்கும் தகரக் கொட்டகையை. ஹாலோபிளாக் சுவர், தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். உள்ளே மண்வெட்டி, மருந்தடிக்கும் டேங்க், உரச்சாக்குகள். மத்தியானம் உள்ளே போனால் இட்லிச் சட்டிக்குள் தலையை விட்டது போல இருக்கும்.

எதற்கு என்று கேட்டேன்.

"கோழிக்குஞ்சு வாங்கி உடலாம்னு இருக்கறேன்" என்றாள்.

அம்மா என்னிடம் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. இரவுச் சாப்பாடு வரைக்கும் படித்தேன்.

ஏப்ரல் 30

கோழிக்குஞ்சுகளுக்குக் குளிர்ச்சி ஆகாது, கதகதப்புதான் வேண்டும், பல்பு கூடப் போட்டு வைப்பார்கள் என்று இன்னொரு புத்தகத்தில் இருக்கிறது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பழைய பருத்திச் சேலைகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். மிகவும் மெத்தென்ற சேலைகள்.

"உன்னயக் குஞ்சு வளக்கச் சொல்லல. குளிர வெக்கத்தான சொன்னேன்" என்றாள்.

இவ்வளவு துணி எதற்கு என்று கேட்டேன். அடுப்பிலிருந்து சட்டி இறக்குவதற்காம்.

மே 2

அப்பாவும் நானும் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். வெறும் சுண்ணாம்பு முதல் காற்றிலேயே உதிர்ந்துவிடும் என்பதால் அரிசிக்கஞ்சி கலந்தேன். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அப்பா எண்ணெய் மில்லில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை தவிர லீவு போடவே மாட்டார். இன்று போட்டார்.

"இஞ்சினியர் அம்மா சொன்னாச் சரிதான்" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினார். கீழே நின்று வாளியைக் கொடுத்தபோது அவர் முகம் நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் நினைக்கிறேன்.

மே 4

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். என் வேலையும் முடிந்தது.

சுண்ணாம்புக்கு மேலே மூங்கில் கட்டி அதன்மேல் தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறோம். கீற்றும் தகரமும் ஒன்றையொன்று தொடக் கூடாது, நடுவில் காற்று ஓட வேண்டும். ஜன்னலில் ஈரச்சாக்கு. எதிர்ச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, இரண்டு கல்லைப் பெயர்த்து ஓட்டை விட்டோம். சாக்கு வழியாகக் குளிர்ந்து வரும் காற்று, சூடாகி மேலே போய் ஓட்டை வழியாக வெளியேறும். காற்று நடந்துகொண்டே இருப்பதுதான் இதன் உயிர்.

உரக்கடையில் காலண்டரோடு கொடுத்த வெப்பமானியை மாட்டிப் பார்த்தேன். மத்தியானம் எங்கள் முன்னறையில் முப்பத்தெட்டு. சாளையில் முப்பத்துமூன்று. மூன்று முறை பார்த்தேன்.

அம்மா உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு என் கன்னத்தைத் தடவினாள். அம்மா அப்படியெல்லாம் செய்கிறவள் அல்ல.

மே 6

சாளைக்குள் கட்டில் போட்டாகிவிட்டது. டேபிள் ஃபேனும் போயிருக்கிறது. மருந்து டேங்க், உரம் எல்லாம் வெளியே. மருந்து வாசம் துளிகூட இருக்கக் கூடாது என்று அம்மா தரையை மூன்று தடவை கழுவினாள்.

"குஞ்சுக்குக் கட்டில் எதுக்குங்கப்பா?" என்றேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மே 9

நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

விடிந்தும் விடியாததுமாக அம்மா என்னை எழுப்பிப் பின்பக்கத் தட்டிக்கதவைத் திறக்கச் சொன்னாள். குஞ்சு கொண்டுவருகிறார்கள் போல என்று நினைத்து ஒரு கூடையோடு போனேன். வெளியே ஆட்டோ நின்றது. அதிலிருந்து என் அக்கா இறங்கினாள்.

சிந்து அக்கா. நான் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. வயிறு அவளுக்கு முன்னால் வந்தது. பின்னால் பையோடு ஒருவர். பிரபாகர் மாமா. அவரை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். தட்டியைத் தாண்டி அவர் வரவில்லை. பையை என்னிடம் கொடுத்து, "சத்து மாத்திரை சைடு ஜிப்புல இருக்குது பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

"கூடை எதுக்குடீ?" என்றாள் அக்கா.

"கோழிக்குஞ்சுக்கு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பின்னால் இருந்த வெள்ளைக் கூரையைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு என்னைவிடக் குறைந்த நேரம்தான் பிடித்தது. சிரித்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு சாளைக்குள் போனாள்.

மே 10

இந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்வதில்லை. இந்த நோட்டிலும் எழுதியதில்லை, பழகிவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது வேறு சாதிப் பையனைப் பிடித்துப்போய், பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். செய்தி வந்த அன்று அம்மா கிணற்றடிக்குப் போய், இழவு வீட்டிலிருந்து வந்தால் குளிப்பது போலத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரச் சேலையோடு வந்து, "எனக்கு ஒரே புள்ள" என்றாள். மறுநாள் சுவரில் அக்கா படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

ஆனால் தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். பிரபாகர் மாமாவுக்கு அம்மா இல்லை. சாயப்பட்டறையில் இரவு வேலை. அக்கா அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். எத்தனை முறை என்று தெரியாது.

அம்மா சாளைக்குச் சோறு கொண்டுபோகிறாள். அக்கா காலை மடியில் வைத்து எண்ணெய் போட்டு நீவுகிறாள். முருங்கைக்கீரை, பால், பேரீச்சம்பழம். எல்லாம் நடக்கிறது. அக்கா வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பா இவ்வளவு கல்மனசுக்காரர் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

மே 12

தடுப்பது அப்பா இல்லை. அம்மா.

துணி எடுக்கப் போனவள் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்பது தப்பு. நகர முடியவில்லை.

"வயித்துப் புள்ளைக்காரி. உள்ளார கூட்டிக்கலாம் சாந்தா. உன்னயக் கும்புட்டுக் கேக்கறேன்" என்றார் அப்பா. அப்பா குரல்தான். அப்பா கெஞ்சுகிறார்.

"தல முழுகினவள எப்படீங்க உள்ளார கூட்டறது? உங்க அண்ணனூட்ல நமக்குத் தண்ணி குடுப்பாங்களா?"

"இந்த வெயில்ல..."

"வெயில்ல என்னங்க? ஊட்ட விடச் சாளைதான் குளுகுளுன்னு இருக்குது. சின்னவ செஞ்சு வெச்சிருக்கறதப் போய்ப் பாருங்க. என்ன கொறை அவளுக்கு?"

அதற்கு அப்பா என்ன பதில் சொல்ல முடியும்? முப்பத்துமூன்று என்று கத்திக்கொண்டு ஓடிவந்தது நான்தானே.

அதே நாள், மாலை

அம்மாவிடம் நேரே கேட்டேன். உப்புமாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா அக்காவ உள்ள உடமாட்டீங்கற?"

"உனக்காகத்தான்" என்றாள், தலை நிமிராமல்.

"எனக்கா?"

"அவள ஊட்டுக்குள்ள சேத்திக்கிட்டம்னு தெரிஞ்சா நாளைக்கு உன்னய ஒருத்தன் கேட்டு வருவானா? அவளுக்குத்தான் அந்த நெனப்பு இல்லாமப் போச்சு. எனக்குமா இல்லாமப் போகும்?"

எனக்குப் பதினான்கு வயது. இன்னும் பத்தாம் வகுப்புக்கே போகவில்லை. என்றைக்கோ வரப்போகிற, முகம் தெரியாத ஒருவனுக்காக என் அக்கா தகரத்துக்குக் கீழே படுத்திருக்கிறாள்.

உப்புமா சாப்பிட முடியவில்லை.

மே 13

இன்று எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

மே 15

சாளை சூடாகிவிட்டால் அம்மாவுக்கு வேறு வழி இருக்காது என்று தோன்றியது. அதனால் இன்று ஜன்னல் சாக்கை நான் நனைக்கவில்லை. மற்ற வேலை இருப்பது போலத் தோட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். வெப்பமானி ஏறியது. ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு அக்கா ஜன்னலண்டை வந்து, "மவுனி, இன்னைக்கு அனலா அடிக்குதுடீ. உள்ள இருக்கறது உருண்டு உருண்டு உதைக்குது" என்றாள். நெற்றி முழுக்க வியர்வை.

சாக்கில் நான்கு குடம் ஊற்றினேன். இனி அப்படிச் செய்ய மாட்டேன். குளிர வைத்தால் அம்மாவுக்குச் சாக்கு. வைக்காவிட்டால் அக்காவுக்கு ஆபத்து. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் சுவராக நிற்கிறேன்.

மே 17

நாளெல்லாம் அக்காவோடு இருந்தேன். அவளுக்கு நாட்கள் நெருங்கிவிட்டன, எந்நேரமும் ஆகலாம் என்று நர்ஸ் சொன்னாராம்.

"ஒனக்குக் கோவமே வல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"வருது. பல்லு தேய்க்கறப்ப வரும். அம்மா கால நீவி உட்டா போயிடும். மறுபடி ஊட்டப் பார்த்தா வரும்" என்றாள். பிறகு, "உன்ற புஸ்தகத்துல பொட்டப்புள்ளைகளுக்கு எந்த நாட்டுல எடம் இருக்குதுன்னு போட்டிருக்குதா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். நான் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.

மே 19

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

காலையில் அம்மா என்னை வாழையிலையும் தயிரும் வாங்கி வர அனுப்பினாள். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது வாசலில் பெரியப்பா கார். அப்பாவின் அண்ணன். அவர் மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போவாராம்.

அம்மா என்னைச் சமையலறை மூலைக்கு இழுத்தாள்.

"சாளைப் பக்கம் போவாத. வெளிய தாழ்ப்பாள் போட்டிருக்கறேன். சத்தம் போட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஜன்னலு?"

"எல்லாம் சாத்திட்டேன். மேல ஓட்டையக்கூட அடைச்சுட்டேன். இருமல் சத்தம் வந்துடுமில்ல?"

"அம்மா, காத்து போகோணும்மா."

"அட, சாத்தி வெச்சாத்தான் குளிரு வெளிய போவாம உள்ளயே நிக்கும்" என்றாள் அம்மா. அவள் அதை நம்பினாள். பானைத் தண்ணீரைத் தட்டு போட்டு மூடுவது போல. மூங்கில், கீற்று, சுண்ணாம்பு என்று ஊருக்கே விளக்கம் சொன்னேன். காற்று நடப்பதுதான் உயிர் என்று இந்த நோட்டுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நான் சொல்ல வாயெடுத்தேன். "மெதுவாப் பேசு" என்று அப்பளத் தட்டைக் கையில் கொடுத்து முன்னறைக்குத் தள்ளிவிட்டாள். அப்போதுதான் கரண்ட் போனது. நம் வீட்டில் போனால் சாளையிலும் போகும்.

பெரியப்பா நிதானமாகச் சாப்பிடுகிறவர். ஒவ்வொரு கறியையும் விசாரித்துச் சாப்பிடுவார். அப்பா பக்கத்து இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான் விசிறிக்கொண்டு நின்றேன். இங்கே நாற்பதுக்கு மேல் இருக்கும். அங்கே எவ்வளவு என்று நினைக்கவே முடியவில்லை.

சாம்பார் முடிந்ததும் பெரியப்பா, "ஏம்மிணி, பெரியவ வந்திருக்குதாமா?" என்றார்.

அம்மா கையில் கரண்டி அப்படியே நின்றது.

"பால்காரன் சொன்னான். ஊருக்கே தெரியுமே. சாளையிலதான வெச்சிருக்கறீங்க?"

"ஆமாங் மாமா" என்றாள் அம்மா. காற்றுபோல ஒரு குரல்.

"அதுதான் மொறை. பெத்த கடனும் தீந்துது, ஊட்டுப் படியும் சுத்தமா இருக்குது. உள்ளார உட்டிருந்தா இந்த எலையில நான் கை வெச்சிருக்க மாட்டேன். ரசம் ஊத்து."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. யாரிடமிருந்து மறைக்கக் கதவைப் பூட்டினாளோ அவருக்கே தெரிந்திருக்கிறது. இனி அந்தக் கதவு சாத்தியிருக்க ஒரு காரணமும் இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். போ, போய்த் திற என்று கண்ணாலாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

அம்மாவின் முகத்தில் நிம்மதி வந்தது. குனிந்து ரசம் ஊற்றினாள்.

நான் விசிறியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

தாழ்ப்பாள் விரலைச் சுட்டது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. மேல் ஓட்டைகளில் அந்த மெத்தென்ற துணிச் சதுரங்கள் திணித்திருந்தன. அக்கா கட்டிலில் இல்லை. தரையில், சுவரில் சாய்ந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. தொட்டால் சுட்டது.

"பெரியப்பா போயிட்டாங்களா?" என்றாள், ரகசியமாக. அதற்கப்புறம் அவள் கண் மேலே போய்விட்டது.

நான் அப்பா என்று கத்தினேன். சோற்றுக் கையோடு அப்பா ஓடி வந்தார். இரண்டு பேரும் தூக்கினோம். அக்கா இவ்வளவு கனமாக இருப்பாள் என்று தெரியாது. அவள் கால்கள் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தன.

பின்வாசலில் அம்மா நின்றாள். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்திருந்தாள். விழாமல் இருக்கப் பிடித்தாளா, எங்களை மறிக்கப் பிடித்தாளா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னது காதில் விழுந்தது.

"சந்து வழியா முன்னால கொண்டு போயிடலாங்க."

அப்பா குரலை உயர்த்தவில்லை. "நவுரு சாந்தா" என்றார்.

அம்மா அக்காவின் காலைப் பார்த்தாள். இழுபட்டு வந்ததில் பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்திருந்தது, அக்காவுக்கு அது தெரியக்கூட இல்லை. அம்மாவின் கை நிலையிலிருந்து விழுந்தது. அடுத்த கணம் அவளே அக்காவின் அக்குளில் கை கொடுத்து உள்ளே இழுத்தாள். முன்னறைத் தரையில் கிடத்தினோம். குடிதண்ணீர்க் குடத்தை அப்படியே அக்காமேல் கவிழ்த்தாள். இன்னொரு குடம். இன்னொன்று. "சிந்து, சிந்து" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள். ஒன்றரை வருடமாகச் சொல்லாத பெயர்.

பெரியப்பா இலையை மடக்காமல் எழுந்தார். வெளியே போய்க் கை கழுவினார், செருப்பைப் போட்டுக்கொண்டார். அப்பா பின்னாலேயே ஓடி, "அண்ணா, கார்ல ஆஸ்பத்திரிக்கு..." என்றார். கார் கிளம்பிவிட்டது. அவர் ஏறிய பிறகு கேட்டதால் காதில் விழவில்லை என்று நினைக்க முயன்றேன். கண்ணாடி இறக்கியிருந்தது.

நான்தான் 108-க்கு அடித்தேன்.

மே 20

அறுவை செய்தார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், மூச்சு சரியாகிவிட்டது. அக்காவுக்கு இரவு முழுக்கக் குளுக்கோஸ் ஏறியது. காலையில் என் பெயரைச் சொன்னாள்.

டாக்டரம்மா வந்து கேட்டார். "இவ்ளோ சூட்டுல எங்க இருந்தாங்க?"

"ஊட்லதாங்க" என்றாள் என் அம்மா.

"சாளையில" என்றேன். "கதவ வெளிய தாழ் போட்டிருந்துது."

"யாரு போட்டது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்பா வராந்தா பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் போய்விட்டார்.

மே 22

அக்காவிடம், நீ ஏன் கதவைத் தட்டவில்லை என்று கேட்டேன்.

"அம்மா சத்தம் போட வேண்டாம்னுச்சு. ஒரே ஒரு தடவதான் அம்மா பேச்சக் கேக்காம இருந்தேன். இதையாச்சும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

மே 27

இன்று அக்காவை அனுப்பிவிட்டார்கள். அம்மா விடியற்காலையிலேயே வீட்டுக்குப் போய் முன்னறையைக் கழுவி, தொட்டில் கட்டியிருக்கிறாள். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாளாம். தெருவே பார்க்கட்டும் என்று முன்வாசலில்.

ஆஸ்பத்திரி வாசலில் பிரபாகர் மாமா வண்டி வைத்திருந்தார். அக்கா குழந்தையோடு அதில் ஏறினாள்.

"அம்மா காத்துட்டு இருக்குதுக்கா" என்றேன்.

"ஆரத்தி எடுத்தா கதவு தொறந்திருக்கும்னு எனக்கு இனிமே நம்பிக்கை இல்ல மவுனி" என்றாள்.

வீட்டுக்கு நானும் அப்பாவும் மட்டும் போனோம். அம்மா எங்களுக்குப் பின்னால் பார்த்தாள். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மே 31

திருப்பூர்.

நேற்றுப் பூராவும் அம்மா பிரசவ மருந்து இடித்தாள். இன்று காலை பூண்டு, நல்லெண்ணெய், மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நாங்கள் கூடப் போகிறோமா என்று கேட்கவில்லை. நாங்களாகப் போனோம்.

அக்கா வீடு மாடியில் ஒற்றை அறை. சிமெண்ட் ஷீட் கூரை. படி ஏறும்போதே அனல் தெரிந்தது. பிரபாகர் மாமா கதவைத் திறந்து, "வாங்க" என்றார். அப்பா தயங்கிவிட்டு உள்ளே போனார். நானும் போனேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கத்த" என்றார் மாமா மறுபடியும். அம்மா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆனால் அசையவில்லை. அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். மொட்டைமாடித் தரை கொதித்தது. வெறும் காலை மாற்றி மாற்றி வைத்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கூப்பிடு அக்கா என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பால் குடித்து முடித்த குழந்தையை அக்கா தோளில் போட்டுத் தட்டினாள். ஏப்பம் வரும் வரைக்கும் தட்டினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"கால் சுடும். உள்ள வரச் சொல்லு."

அம்மா வந்தாள். கதவை ஒட்டி, உள்ளே ஒரு முழம் தள்ளி, அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மேல் வரவில்லை. பையைத் திறந்து பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.